எடை மட்டும் ஏறினால் போதுமா?

குறைமாதத்தில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், பேராக்கின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ எந்த வீட்டிலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: எடை எவ்வளவு? அடுத்த வாரம் போனாலும் அதே கேள்வி, ஏறியிருக்கிறதா என்று. ஏறவில்லை என்றால் பதில் தயாராக இருக்கும்: "தாய்ப்பால் தண்ணியாட்டம் இருக்கும், பத்தாது, பால்மாவு குடுங்க, ஒரே மாசத்துல கொழுகொழுன்னு வந்துடும்." பாட்டி இதைச் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், கிளினிக் கிசிஹாத்தானில் எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்மணியும் சொல்வார். அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படித்த மருத்துவமும் இதே கணக்கைத்தான் போட்டது. கருப்பையில் இருந்திருந்தால் எந்த வேகத்தில் வளர்ந்திருக்குமோ அதே வேகத்தில் வெளியிலும் வளர வேண்டும். அதற்கான கலோரியும் புரதமும் எதில் அதிகமோ அதைக் கொடு. எந்தப் பால், எந்த வழியாக, யார் கையால் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டியின் பேச்சும் இந்த மருத்துவக் கணக்கும் சேர்ந்து ஒரே நம்பிக்கையாக இறுகிவிட்டன. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். எடை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. எடையை மட்டும் பார்ப்பவர், அந்தச் சின்ன உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளப் பழகுகிற விதத்தைக் கவனிக்காமல் விடுகிறார். அந்தப் பழக்கம் முதல் சில வாரங்களிலேயே படிய ஆரம்பிக்கிறது. அதன் தடம் பதினைந்து வருஷம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்திருக்கிறது.

முதலில் குறைமாதக் குழந்தையின் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதங்கள்தான் சேமிப்புக் காலம். தோலுக்கடியில் கொழுப்பும் ஈரலில் கிளைக்கோஜனும் சேர்வது அப்போதுதான். நிறைமாதக் குழந்தையின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கொழுப்பு. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பு அநேகமாக இல்லை. உணவு சில மணி நேரம் தடைப்பட்டாலே ரத்தச் சர்க்கரை சரியும். பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, நிறைமாதக் குழந்தைக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். கொழுப்பைக் கரைக்க வேண்டிய பித்த உப்பும் கணைய நொதியும் போதாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை 32 முதல் 34 வாரத்துக்குள்தான் வரும். அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய்தான் கதி. இப்படிப்பட்ட உடம்புக்கு ஐரோப்பியக் குழந்தை உணவியல் சங்கம் 2022-இல் விதித்த அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 115 முதல் 140 கிலோகலோரி. கிலோ கணக்கில் பார்த்தால் பால்மரம் சீவுகிற ஆள் சாப்பிடுவதைப்போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே, "எவ்வளவு" என்ற கேள்வி உண்மையான கேள்விதான். ஆனால் செரிக்கும் கருவிகள் பாதிகூட இல்லாத வயிற்றில் "எது, எப்படி" என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு "எவ்வளவு" என்று மட்டும் கேட்பதில்தான் பிழை ஆரம்பிக்கிறது.

தாய்ப்பாலைத் தண்ணீர் என்கிறவர்கள் அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ் நொதியும் கூடவே வருகிறது. குழந்தையின் கணையம் செய்ய முடியாத வேலையைத் தாயின் பால் தானே செய்து முடித்துக்கொள்கிறது. ஸ்வீடனில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே தாயின் பாலைப் பச்சையாகவும் சூடுபடுத்தியும் குறைமாதக் குழந்தைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சூட்டில் இந்த நொதி செத்துவிடுகிறது. பச்சைப் பால் கொடுத்தபோது கொழுப்பு 17 சதவீதம் கூடுதலாக உடலில் சேர்ந்தது. கலோரி எண்ணிக்கை இரண்டு கிண்ணத்திலும் ஒன்றே. உடம்பு எடுத்துக்கொண்டது வேறு. கலோரி என்றால் எல்லாம் ஒரே கலோரிதான் என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. இன்னொரு பக்கம் இன்சுலின். ஆலன் லூக்கஸ், அய்ன்ஸ்லி-கிரீன், புளூம் முதலானோர் 1980-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது நிறைமாதக் குழந்தைகளைப் பற்றி: பிறந்து ஆறாம் நாளிலேயே, பால்மாவு குடித்த குழந்தையின் உடம்பு தாய்ப்பால் குடித்ததைவிட அதிக இன்சுலினைச் சுரந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத உயிரின் கணையம், தனக்கு எந்தப் பால் கிடைக்கிறது என்பதற்கேற்ப வேலை செய்யப் பழகிவிட்டது.

இதன் நீண்ட காலப் பலனைச் சொல்ல ஓர் ஆய்வு போதும், ஏனென்றால் அதைப்போல் இன்னொன்றை இனி யாரும் செய்ய மாட்டார்கள். 1980-களின் முற்பகுதியில் கேம்பிரிட்ஜ், இப்ஸ்விச், கிங்ஸ் லின், நாரிச், ஷெஃபீல்டு ஆகிய ஐந்து ஊர்களில், 1,850 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 926 குழந்தைகளை லூக்கஸ் குழுவினர் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலருக்குப் பிற தாய்மார் கொடுத்த வங்கிப் பால், சிலருக்குக் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே செறிவாகச் செய்த பால்மாவு, சிலருக்குச் சாதாரணப் பால்மாவு. சொந்தத் தாயின் பால் கிடைத்தவர்களுக்கு அதற்கு மேல்போக்காக இவற்றில் ஒன்று. அன்றைய கண்ணுக்குப் பால்மாவுதான் வென்றது. எடை சட்டென்று ஏறியது. ஆனால் 1990-இல் அந்தக் குழந்தைகளின் குடலைப் பற்றிய கணக்கு வந்தது. குறைமாதக் குழந்தையின் குடல் திசு திடீரென்று அழுகிப் போகும் பயங்கர நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், பால்மாவு மட்டும் குடித்தவர்களுக்கு அது 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. பிறகு அதே குழுவின் அதுல் சிங்கல் அந்தப் பிள்ளைகளை 13 முதல் 16 வயதில் தேடிப் பிடித்தார். வங்கிப் பால் குழுவில் சராசரி ரத்த அழுத்தம் 81.9, செறிவான பால்மாவு குழுவில் 86.1. இது 2001-இல் வந்தது. 2003-இல் இன்னும் கூர்மையான முடிவு: சத்து நிறைந்த உணவு கிடைத்தவர்களின் ரத்தத்தில் இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் அடையாளம் அதிகம், அதுவும் பிறந்த முதல் இரண்டு வாரத்தில் எவ்வளவு வேகமாக எடை ஏறியதோ அதற்கேற்ப அதிகம். 2004-இல் கெட்ட கொழுப்பின் விகிதமும் அதே திசையைக் காட்டியது. வங்கிப் பாலோ பெரும்பாலும் ஒரு மார்பில் பிள்ளை குடிக்கும்போது மறு மார்பிலிருந்து தானாகச் சொட்டியது, கொழுப்புக் குறைந்தது. ஏளனமாகத் "தண்ணி" என்று சொல்லத்தக்க பால் அது. அதைக் குடித்தவர்களின் ரத்தக்குழாய்தான் பதினைந்து வயதில் இளமையாக இருந்தது.

"அதெல்லாம் சரி, மூளை என்னாவது?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. லூக்கஸ் குழு 1992-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்தத் தாயின் பால் கிடைத்த குறைமாதக் குழந்தைகள் எட்டு வயதை நெருங்கும்போது, மற்றவர்களைவிட அறிவுத்திறன் அளவையில் 8.3 புள்ளி மேலே இருந்தார்கள். தாயின் படிப்பையும் குடும்ப நிலையையும் கணக்கில் கழித்த பிறகும் அது நின்றது. இந்த இரு தரப்புக் குழந்தைகளும் பாலைக் குழாய் வழியாகத்தான் குடித்தவர்கள். மடியில் வைத்துக் கொஞ்சியதுதான் காரணம் என்று தப்பித்துக்கொள்ள இடமில்லை. 2012-இல் பிரான்சில் ழான்-கிறிஸ்டோஃப் ரோசேயும் சகாக்களும் இரண்டு பெரிய தொகுதிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் எடையில் பின்தங்கியவர்கள்தான். ஆனால் இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் மூளை வளர்ச்சியில் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆய்வாளர்கள் இதை ஒரு முரண் என்று தலைப்பிலேயே எழுதினார்கள். எடையையும் ஆரோக்கியத்தையும் ஒன்று என்று முன்கூட்டியே தீர்மானித்தவருக்குத்தான் இது முரண்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் ஏரன்கிரான்ஸ் 2006-இல், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 495 குழந்தைகளைப் பார்த்தார். கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 கிராம் மட்டுமே ஏறியவர்களைவிட 21 கிராம் ஏறியவர்களுக்கு மூளை முடக்குவாதமும் வளர்ச்சிக் குறைவும் குறைவாக இருந்தன. அப்படியானால் வேகமாக வளர்ப்பதுதானே நல்லது? இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, நோய்த்தொற்றும் நுரையீரல் கோளாறும் வந்த குழந்தை எடையும் ஏறாது, மூளையும் பாதிக்கப்படும். இரண்டுக்கும் காரணம் நோயாக இருக்கும்போது எடைமேல் பழி போட முடியாது. இரண்டாவதுதான் முக்கியம். பட்டினி கெடுதல் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. பால்மாவு நல்லது என்பதை அது காட்டவே இல்லை. மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் கூடுதலாக இருக்கும். ஸ்டெஃபனி அட்கின்சன் 1978-இலேயே இதைக் கவனித்தார். பிறகு அது குறைந்துவிடும். அப்போது எலும்புக்குச் சுண்ணாம்பும் பாஸ்பரசும் தசைக்குப் புரதமும் வேண்டும். அதற்குத்தான் செறிவூட்டி. கறந்த தாய்ப்பாலில் ஒரு சிறு பொட்டலத் தூளைக் கலக்கிறார்கள். நொதியும் நோய் எதிர்ப்புச் சத்தும் தாயிடமிருந்து, குறைகிற புரதமும் தாதுவும் பொட்டலத்திலிருந்து. தராசு கேட்பதும் கிடைக்கிறது, தராசு கேட்கத் தெரியாததும் கிடைக்கிறது. பாலைத் தூக்கி எறிந்துவிட்டு டின்னைத் திறப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மழுப்பித்தான் "தாய்ப்பால் பத்தாது" என்ற வாக்கியம் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் பழையவை, பதினைந்து வயது வரை பின்தொடர முடிந்தது 926 பேரில் 216 பேரைத்தான் என்றும் ஆட்சேபம் வரும். உண்மை. நாலு புள்ளி ரத்த அழுத்தம் ஒரு பையனைக் கொன்றுவிடாது என்பதும் உண்மை. ஆனால் இன்றைய செறிவூட்டி இல்லாத அந்தக் காலத்திலேயே இப்படி என்றால், சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? புதிய சான்றுகளும் திசை மாறவில்லை. வங்கிப் பாலையும் பால்மாவையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்த காக்ரேன் மதிப்பீடு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: பால்மாவில் எடை வேகமாக ஏறுகிறது; குடல் அழுகும் நோயின் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் குறைமாதக் குழந்தைகளுக்கென வெளியிட்ட பரிந்துரையில் சொந்தத் தாயின் பால்தான் முதலிடம்.

பால் எது என்பதோடு, அது போகிற வழியும் கணக்கில் வரும். குழாயில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுப்பதா, பம்பு வைத்துச் சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் கொடுப்பதா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஒரு வேளைக்கு ஒரு தடவை கொடுத்தால் குடல் ஹார்மோன்கள் சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஏறி இறங்குகின்றன. விடாமல் சொட்டினால் அந்த அலை எழும்புவதில்லை என்று அய்ன்ஸ்லி-கிரீன் 1982-இல் காட்டினார். வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை; இதில் நான் யாரோடும் சண்டை போட மாட்டேன். ஆனால் யாரும் வாதாடாத ஒரு சங்கதி இருக்கிறது. பம்பில் சிரிஞ்சைப் படுக்க வைத்தால் பாலின் கொழுப்பு மேலே மிதந்து சிரிஞ்சின் மேல் ஓரத்தில் நின்றுவிடும். நீளமான குழாயின் உள்சுவரிலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் போய்ச் சேர்வது கொழுப்பில்லாத கீழ்ப்பால். மருத்துவர் இந்திரா நாராயணன் 1984-இல் இந்த இழப்பைப் பற்றி எழுதினார். சிரிஞ்சின் முனை மேலே பார்க்கும்படி நிறுத்தி, குழாயைக் குட்டையாக்கினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். அதே போல, கறக்கும்போது முதலில் வருவது நீர்த்த பால்; கடைசியில் வருகிற பின்பாலில் கொழுப்பு இரண்டு மூன்று மடங்கு. எடை ஏறாத குழந்தைக்குப் பின்பாலைத் தனியாகப் பிடித்துக் கொடுக்கலாம். தாயின் பால் சத்தில்லாதது என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், அந்தச் சத்து சிரிஞ்சிலேயே தங்கிவிட்டதா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

குழாயிலிருந்து வாய்க்கு மாறும்போது இன்னொரு நம்பிக்கை குறுக்கே வரும்: மார்பில் குடித்தால் பிள்ளை களைத்துவிடும், ஏறிய எடையும் இறங்கிவிடும், பாட்டில்தான் சுலபம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பவுலா மயர் 1988-இல் சில குறைமாதக் குழந்தைகளை மார்பிலும் பாட்டிலிலும் மாறி மாறிக் குடிக்க வைத்து ஆக்சிஜனை அளந்தார். அது மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் ஆக்சிஜன் அதிகம் சரிந்தது பாட்டிலில் குடிக்கும்போது. மார்பில் குழந்தை உறிஞ்சி, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சுகிறது. பாட்டிலில் பால் தானாக ஊற்றுவதால் மூச்சுக்கு இடமில்லை. டெல் அவிவில் 2009-இல் உடல் செலவழிக்கும் சக்தியையே நேரடியாக அளந்து பார்த்தார்கள். மார்பில் குடிக்க நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. செலவான சக்தியில் கணிசமான வித்தியாசம் இல்லை. நேரம் பிடிப்பதால் களைப்பது குழந்தையா, பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நம்மூர்க்காரர்களின் மிகப் பிடித்தமான ஆட்சேபம். இனிப்புநீர் வருவது வாயைக் கட்டாததால். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் செய்கிற வேலைக்குக் குழந்தைப் பால்மேல் ஏன் பழி? (தே தாரேக்கில் கரைவதும் டின் பால்தான் என்பது இருக்கட்டும்.) வாயைக் கட்டாததும் காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களைத் தனியாக எடுத்தால் 31.4 சதவீதம். மூன்று இனமும் ஒரே மாமாக் கடையில்தான் உட்கார்கின்றன. தட்டை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு, பிறக்கும்போதே இந்தியக் குழந்தையின் உடலமைப்பு தனி என்று கண்டது: இங்கிலாந்துக் குழந்தையைவிட எடை மிகவும் குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஹாஃப்மன் 2004-இல், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நாலு முதல் பத்து வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்று காட்டினார். இந்த இரண்டு பலவீனமும் ஒரே குழந்தையிடம் சேர்கிற இடம் நம்முடைய வீடுகள். முதல் மாதங்களில் ஏறுகிற எடை தசையாக ஏறுகிறதா, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாக ஏறுகிறதா என்று கேட்க உலகத்தில் யாருக்காவது அவசியம் இருக்கிறது என்றால் நமக்குத்தான். தராசு அதைச் சொல்லாது. தலைச் சுற்றளவையும் நீளத்தையும் எடையோடு சேர்த்து அளந்தால் கொஞ்சமாவது தெரியும். அளக்கும் நாடா விலை ஒன்றிரண்டு ரிங்கிட்.

"கொழுகொழு" ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் ரப்பர் மரம் விடியுமுன் சீவ வேண்டிய மரம். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். இருட்டிலேயே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன பெண், மங்கு மங்காகச் சேர்த்து, சுமந்து கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியமாகும். பிள்ளை அதுவரை ஆயாக் கொட்டகையில். குழந்தைக்குப் பால் தேவைப்படும் நேரமும் மரத்துக்கு ஆள் தேவைப்படும் நேரமும் ஒன்றாக இருந்ததால், மார்பு கட்டி வலித்தது மரத்தடியில், புட்டியில் கலந்த டின் பால் போனது கொட்டகையில். தாய்க்குப் பால் இல்லாமல் போகவில்லை. பாலும் பிள்ளையும் ஒரே இடத்தில் இல்லாமல் செய்யப்பட்டன. பால் நிறுவனங்கள் இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்தின. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் பேசிய பேச்சின் தலைப்பே "பாலும் கொலையும்". தாதி உடையில் பெண்களை அனுப்பி இனிப்புக் கட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்றவர்களை அவர் நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். மலாயாவில் வேலை பார்த்தவர், கண்ணால் கண்டதைச் சொன்னார். நாற்பது ஆண்டு கழித்து, 1979-இல் மலேசியா குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1981-இல் உலக அளவிலான நெறிமுறை வந்தது. 1991-இல் உருவான உலகத் தாய்ப்பால் கூட்டமைப்பின் தலைமையகம் பக்கத்துப் பினாங்கில் அமைந்தது. டின் மேலிருந்த கொழுத்த பிள்ளையின் படத்தை விதிகள் அகற்றிவிட்டன. பாட்டியின் கண்ணிலிருந்து அகற்றவில்லை. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்த பிள்ளைகளில் மெலிந்தவை செத்தன, கொழுத்தவை பிழைத்தன. பஞ்சத்தில் சரியாக இருந்த கண், 31 சதவீத நீரிழிவில் சரியாக இருக்காது, அவ்வளவுதான்.

தோட்டங்கள் துண்டாகி, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிய பிறகு நம்மவர்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மெங்லெம்புவுக்கும் வந்துவிட்டார்கள். பெரட்டுக்குப் பதில் ஷிப்ட்டு. தனியார் துறைப் பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 98 நாள். நல்ல மாற்றம். குறைமாதப் பிரசவத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நிறைமாதம் வரவே இன்னும் 84 நாள். அதில் பெரும்பகுதி இன்குபேட்டரிலும் வார்டிலும் போய்விடும். பிள்ளை, சாதாரணமாகப் பிறந்திருக்க வேண்டிய நாளை எட்டும்போது தாயின் கையில் மிஞ்சுவது 14 நாள். தாய்க்குப் பால் சுரப்பு நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் பிரசவமான சில மணி நேரத்திலேயே கறக்க ஆரம்பித்து, நாளுக்கு எட்டு தடவை, ராத்திரியிலும் எழுந்து கறக்க வேண்டும். முதலில் வருவது சில துளிச் சீம்பால். அதைச் சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். இதைச் செய்ய வேண்டியவர் அறுவை சிகிச்சைத் தையலோடு கிரிக்கில் படுத்திருக்க, பிள்ளை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில் இருந்தால் சுரப்பு எப்படி நீடிக்கும்? சுங்கை சிப்புட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும், கார் இல்லாத வீட்டுக்கு அது ஒரு நாள் கூலி. பத்தாம் நாள் பால் வற்றியதும், "பார்த்தீர்களா, அவளுக்குப் பாலே இல்லை" என்கிறோம்.

தாயைப் பக்கத்தில் வைப்பது வெறும் பாச விஷயம் என்று நினைப்பவர்கள் 2021-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வைப் பார்க்க வேண்டும். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரையில் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் உடனேயே தாயின் நெஞ்சோடு தோல்பட வைத்தார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம்; வழக்கமான முறையில் 15.7 சதவீதம். எந்தப் பால்மாவாலும் வாங்க முடியாத வித்தியாசம் இது. தேவைப்பட்டது ஒரு கட்டிலும் ஒரு துணியும், உள்ளே வர அனுமதியும்.

மலேசியாவில் தாய்ப்பால் வங்கி கிடையாதே, வெளிநாட்டு ஆய்வை இங்கே ஏன் இழுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். 2011-இல் தேசிய ஃபத்வா குழு பால் வங்கிக்கு அனுமதியில்லை என்று முடிவெடுத்தது. இஸ்லாமியச் சட்டப்படி ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிறார்கள், அவர்களுக்குள் திருமணம் கூடாது. வங்கியில் பால் கலந்தால் யார் யாருக்கு உறவு என்றே தெரியாமல் போகும் என்பது அவர்களின் காரணம். அந்தக் காரணத்தை மதிக்கலாம். ஆனால் அதிலிருந்து வருகிற முடிவு எதிர்த்தரப்புக்குச் சாதகமானதில்லை. பிரிட்டனிலோ பிரேசிலிலோ தாயின் பால் கிடைக்காத குழந்தைக்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. இங்கே தாயின் பால் நின்றால் பெரும்பாலும் அடுத்தது நேராக டின்தான். அப்படியானால் இங்கேதான் தாயின் சுரப்பைக் காப்பாற்ற அதிகப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்: கறக்கும் கருவி இரவல், பாலை எடுத்துவரக் குளிர்ப்பெட்டி, தூரத்துத் தாய்மாருக்கு மருத்துவமனை அருகில் தங்குமிடம், குறைமாதப் பிரசவத்துக்குத் தனி விடுப்பு. குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களை 98-இல் கழிக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இத்தனைக்குப் பிறகும் சில தாய்மாருக்குப் பால் வராது. சிலர் கடுமையாக நோயுற்றிருப்பார்கள். சிலர் சாப்பிடும் மருந்து அனுமதிக்காது. சிலர் பிரசவத்தில் இறந்தே போகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் குறைமாதப் பால்மாவுதான் உயிர், அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற எந்தத் தாய்ப்பால் பிரசாரத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழந்தைகளுக்காகவும் நான் கேட்பது ஒன்று உண்டு. பால்மாவில் வளர்ந்த குறைமாதக் குழந்தையை இரண்டு கிலோ தாண்டியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தடுப்பூசிப் புத்தகத்தில் எடையை மட்டும் குறித்துக்கொண்டு மறந்துவிடக் கூடாது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில் ரத்த அழுத்தத்தை ஒரு தடவை பார்க்கலாம். பதின்ம வயதில் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்க்கலாம். அதற்கு முதலில், பிறந்த வாரக் கணக்கும் குடித்த பாலும் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற மருத்துவருக்கு வேறு எந்த வழியிலும் அது தெரியப் போவதில்லை.